ஓட்டை பார்க்கிற வேலை: கோபிக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தொகுத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குக் காரணம் ஒரு பேனர்.

கோபிச்செட்டிபாளையத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்த என் பெரிய மாமா அமெரிக்காவில் விமானப் பொறியாளராக இருந்து, கலிபோர்னியாவில் காலமானார். அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைக்க மகள் கொண்டுவந்தாள். ஊர் முனையில் கட்டவிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘அமெரிக்க ஏவுகணை விஞ்ஞானி’ என்று அச்சாகியிருந்தது. அவர் ஏவுகணைப் பக்கமே போனதில்லை. தன்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. மாற்றச் சொன்னேன். “சரிங்க, அப்ப என்னன்னு போடட்டுங்க?” என்று கேட்டார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். வீட்டில் ஒருவரிடமும் பதில் இல்லை. கூடவே வாழ்ந்த அத்தைக்கும் தெரியவில்லை. “ஏதோ ஓட்டை பாக்கற வேலைன்னு சொல்லுவாரு கண்ணு” என்றார்.

பேனரில் பெயரும் வருஷமும் படமும் மட்டும் போயின. அப்புறம் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுவது என்று முடிவானபோது அதே கேள்வி என் தலையில் வந்து விழுந்தது. உழைப்பில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறை ரகசியத்துக்குள் போய்விட்ட ஒருவரைப் பற்றிப் பொய் கலக்காமல் என்ன எழுத முடியும்? எதை வைத்து எழுதினோம், எதை விட்டோம் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரும் நிறுவனங்களும் இதில் இல்லை.

1960களிலும் 70களிலும் கோயமுத்தூர், ஈரோடு, சேலம் பக்கமிருந்து கடல் கடந்த பொறியாளர்கள் இப்போது எண்பதைத் தொடுகிறார்கள். அதனால் இது எங்கள் வீட்டுச் சிக்கல் மட்டும் இல்லை. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான்-1 திட்ட இயக்குநர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஏனென்றால் அது ஊரறியச் செய்த வேலை. வேறொரு நாட்டின் போர் விமானத்துக்கு உழைத்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் சொல்லாமல் விட்ட இடத்தில் ஊர் ஓர் ஏவுகணையை நிறுத்திவிடும்.

பெட்டியில் இருந்தவை

சின்ன மாமா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பெரும்பாலும் நீல ஏரோகிராம் கடிதங்கள், சில புகைப்படங்கள், கல்லூரிச் சான்றிதழின் நகல். அமெரிக்காவில் மகளிடம் குடியுரிமைச் சான்றிதழ், பணிநீக்கக் கடிதம், எல்லோரும் படிக்கும்படி அவர் மாநாட்டில் வாசித்த கட்டுரைகள். கூட வேலை பார்த்த இருவர் தொலைபேசியில் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த விமானம் என்று கேட்டதும் இருவரும் வானிலைக்குத் தாவிவிட்டார்கள்.

வேலைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். குடும்பத்தார் சொல்வதைப் பொது ஆவணத்தோடு ஒட்டிப் பார்ப்பது, ஒட்டாவிட்டால் விட்டுவிடுவது. “அண்ணன் நிலாவுக்குப் போன ராக்கெட்டுல வேலை செஞ்சாரு” என்று சின்ன மாமா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கியபோது பெரிய மாமா ஒரு விவசாய இயந்திரக் கம்பெனியில் டிராக்டர் அச்சுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்திலேயே கடிதம் இருக்கிறது. நிலா கழிந்தது. சின்ன மாமாவுக்கு அதில் வருத்தம்தான்.

தோட்டம், பவுண்டரி, எட்டு டாலர்

பிறந்தது 1941. அப்போது அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும்தான் வெள்ளாமை, கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைப்பு. கீழ்பவானி அணை 1955இல் முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பாயும் அந்த வாய்க்கால்தான் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கையில் காசு புரள வைத்தது. பையனைக் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சேர்க்க முடிந்ததும் அதனால்தான்.

1963இல் படிப்பு முடிந்தது. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் பவுண்டரியில் வேலை. பைக்காரா மின்சாரம் வந்த 1930களிலிருந்தே கோவையில் மில்லும் மோட்டாரும் பம்புமாகத் தொழில் வளர்ந்திருந்தது. ஜி.டி. நாயுடுவின் பட்டறையைப் பற்றிய பேச்சு காதில் விழாமல் எந்த மெக்கானிக்கல் மாணவனும் படித்து வெளியே வந்திருக்க முடியாது. பவுண்டரியில் மாமாவுக்குக் கொடுத்த வேலை, வார்த்தெடுத்த பம்ப் உறைகளைத் தட்டிப் பார்ப்பது. உறையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ‘ணங்’ என்று ஓசை நீண்டால் நல்ல வார்ப்பு. ‘தொப்’பென்று அடங்கினால் உள்ளே எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். அங்கே இருந்த வயசான மோல்டர் ஒருவர் தட்டாமலேயே, மண் அச்சைப் பிரிக்கும்போதே, “இது போச்சுங் தம்பி” என்பாராம். அதை அமெரிக்காவிலிருந்து மூன்று கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

1966இல் மேல்படிப்புக்குக் கிளம்பினார். அந்த வருஷம் ஜூன் 6ஆம் தேதி ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து ஏழரை ரூபாய் ஆனது. டாலரில் கட்ட வேண்டியதெல்லாம் ஒரே இரவில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. அம்மாயியின் (அம்மாவின் அம்மா) நகை போதவில்லை, ஒரு ஜோடி எருதும் போனது. கையில் கொண்டுபோக அரசு அனுமதித்த அந்நியச் செலாவணி எட்டு டாலர். அந்தத் தலைமுறையில் போன எல்லாரும் எட்டு டாலர் கதை சொல்வார்கள். மாமா சொன்னதில்லை. எருது கதையைத்தான் சொல்வார்.

அவர் போன நேரம் வாய்ப்பான நேரம். 1965 அக்டோபர் 3ஆம் தேதி கையெழுத்தான அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு வெறும் நூறு பேர். புதுச் சட்டத்தில் தொழில் திறனுக்குத் தனி முன்னுரிமை. 1969இல் நிரந்தரக் குடியிருப்பு கிடைத்தது. விமானத் தொழிலுக்குள் நுழைய மட்டும் முடியவில்லை. பாதுகாப்பு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். சிவில் விமானத் தொழிலோ சரிந்துகொண்டிருந்தது. சியாட்டில் பகுதியில் 1967இல் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் வைத்திருந்த போயிங், 1971 ஏப்ரலில் நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. டிராக்டர் கம்பெனியிலேயே காத்திருந்தார்.

ரௌத்திரி வருஷம் ஆடி மாசம்

1974இல் அமெரிக்கக் குடியுரிமை. அது எங்கள் வீட்டில் ஒரு சாவு போலத்தான் பேசப்பட்டது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஆகவே இந்தியர் என்ற நிலை போனது. வெளிநாட்டுக் குடிமகன் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசாக வருவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் (ஓசிஐ) அட்டை வந்தபோதும் அந்தக் கட்டுப்பாடு நீங்கவில்லை. காடு வாங்க முடியாத ஆளாக மகன் ஆகிவிட்டான் என்பதை அப்புச்சியால் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் என் அம்மாவுக்கு ஒரு விசித்திரமான கடிதம் வந்தது. அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லாருடைய பிறந்த தேதி, பிறந்த இடம், இப்போதைய முகவரி, எல்லாம் ஆங்கில முறைப்படி வேண்டும் என்று. ஏன் என்று எழுதவில்லை.

வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அம்மாயியின் சாதகத்தில் ரௌத்திரி வருஷம் ஆடி மாசம் என்று இருந்தது. உள்ளூர் ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி 1920 என்று எடுத்துக் கொடுத்தார். அப்புச்சிக்குச் சாதகமே இல்லை. கணக்குப்பிள்ளையைப் பிடித்து ஒரு தோராய வருஷம் எழுதி வாங்கினார்கள். சின்ன மாமாவுக்கு வேறு சந்தேகம். பாகம் பிரிக்க வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது என்று நினைத்துக்கொண்டார். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது இந்த மலருக்காகப் பேசியபோதுதான் தெரிந்தது.

பாதுகாப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவர் வெளிநாட்டில் இருக்கும் உறவினரைப் பற்றிய விவரம் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்துக்காகத்தான் கேட்டிருக்கிறார். தேதிகளை ஒட்டிப் பார்த்தால் வேறு விளக்கம் பொருந்தவில்லை. கோபி பக்கம் கட்டுத்தரையில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை யூகித்த ஒரு வருஷம், அமெரிக்க ராணுவக் கோப்பு ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. மலரில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான்.

விரிசல் கணக்கு

சரி, என்னதான் வேலை? மாநாட்டுக் கட்டுரைகளின் தலைப்புகளும், அவர் சேர்ந்த வருஷமும், ‘ஓட்டை’ என்ற சொல்லும் சேர்ந்து பதிலைக் கொடுத்தன. உலோகக் களைப்பால், அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால், வரும் விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்கிடுவது.

இந்தத் துறையின் போக்கை மாற்றியது 1969 டிசம்பர் 22ஆம் தேதி நடந்த விபத்து. நெவாடாவில் பயிற்சிப் பறப்பில் இருந்த எஃப்-111 என்ற அமெரிக்கப் போர் விமானம் ஒன்றின் இடது இறக்கை கழன்று விழுந்தது. இருவர் இறந்தார்கள். விமானம் புதுசு. மொத்தமே சுமார் 105 மணி நேரம்தான் பறந்திருந்தது. இறக்கை சுழலும் இடத்தில் உள்ள எஃகுப் பொருத்தியில், அடித்து உருவாக்கும்போதே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு பழுது விழுந்திருக்கிறது. எல்லாச் சோதனையையும் தாண்டி அது விமானத்தில் ஏறிவிட்டது. பிறகு அந்த வகை விமானங்களை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, இறக்கையை வளைத்துப் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை கூடும். பழுது இருந்தால் வானத்தில் உடையாமல் தரையிலேயே உடையட்டும் என்பது கணக்கு. பவுண்டரிச் சுத்தியலின் ராட்சத வடிவம் என்று இதை மாமா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். செய்தித்தாளில் வந்துவிட்ட விஷயம் என்பதால் எழுதியிருப்பார்.

அதுவரை இருந்த முறையில் உறுப்பு பழுதில்லாமல் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். சோதனைக்கூடத்தில் எத்தனை மணி தாங்குகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் வகுத்து ஆயுள் சொல்வார்கள். 1974இல் அமெரிக்க விமானப் படை கொண்டுவந்த விதி இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு ஆணி ஓட்டையின் விளிம்பிலும், இருப்பதிலேயே மோசமான திசையில், 1.27 மில்லிமீட்டர் விரிசல் முதல் நாளிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள். அது உடைக்கும் நீளத்துக்கு வளர எத்தனை பறப்பு ஆகும் என்று கணக்கிடு. அதில் பாதி முடிவதற்குள் ஆளை அனுப்பிச் சோதித்துவிடு. இதற்குப் பால் பாரிஸ் என்பவர் 1960களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய சமன்பாடு அடிப்படை: ஒரு சுற்றுப் பாரத்துக்கு விரிசல் எவ்வளவு நீளும் என்பதை விரிசல் முனையின் அழுத்த வீச்சோடு அது இணைக்கிறது.

ஒரு போர் விமான இறக்கையில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள். விதி வந்ததும் கணக்குப் போட ஆள் தேவைப்பட்டது. 1974இல் குடியுரிமை வாங்கிய மாமாவுக்கு அதே சமயத்தில் கதவு திறந்தது இப்படித்தான். திறமையில்லாமல் கிடைத்திருக்காது. அந்த விதி வராமல் போயிருந்தால் டிராக்டர் அச்சோடு ஓய்வு பெற்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. நம் ஊர் வாழ்க்கைக் குறிப்புகளில் எல்லாம் ‘விடாமுயற்சி’ என்று ஒரு வார்த்தை போட்டு இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறோம். சட்டம், விபத்து, விதி மூன்றும் வரிசையாக வந்து வழிவிட்டதைச் சொல்வதால் அவர் சிறியவராகிவிட மாட்டார்.

“இன்னைக்கு என்ன செஞ்சீங்கப்பா?” என்று மகள் கேட்டால் “ஒரு ஓட்டையைப் பாத்துட்டு இருந்தேன்” என்பாராம். அது கிண்டல் இல்லை, நிஜமான பதில். வீட்டுக்கு ஒரு தாள் வந்ததில்லை. விதிவிலக்காக ஒரே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வேலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றுக்கு, 24 ஆயிரம் அடி உயரத்தில் மேற்கூரையில் 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் பறிபோனார். மற்ற 94 பேர் உயிரோடு இறங்கினார்கள். 19 வயது விமானம், 89,680 பறப்புகள். ஒட்டுப் பசை விட்டுப்போன மூட்டில், வரிசையாக இருந்த ஆணி ஓட்டைகளின் சின்ன விரிசல்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்துவிட்டன. அது பொதுவில் வந்த விபத்து, பேசத் தடையில்லை. தட்டில் உப்பால் ஓட்டைகள் வரைந்து காட்டினாராம். “அப்பா இதைத்தான் செய்யறாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது” என்றாள் மகள்.

யார் பக்கம்

1991 வளைகுடாப் போரைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் நேராகவே கேட்டாள்: இந்த விமானங்களில் உங்கள் ஓட்டையும் இருக்கிறதா? “ஓட்டறவன் பத்திரமாத் திரும்பி வரணும். என் கணக்கு அது வரைக்கும்தான்” என்றார். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை. இறக்கை தாங்குவதால்தான் குண்டும் போய்ச் சேருகிறது. அவர் அதை அறியாதவர் இல்லை. பேச விரும்பவில்லை, அவ்வளவுதான்.

பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு குறைந்ததும், 1993இல் பென்டகனில் நடந்த ஒரு விருந்தில், இத்தனை கம்பெனிகளுக்கு இனி வேலை இருக்காது, ஒன்றோடொன்று சேருங்கள் என்று தொழில் தலைவர்களிடம் சொல்லப்பட்டது. கலிபோர்னியாவில் ஆட்குறைப்பு அலையலையாக வந்தது. மாமாவுக்கு 52 வயதில் வேலை போனது. ஊருக்குச் சொல்லவில்லை. வழக்கம்போல் தீபாவளிக்குப் பணம் வந்தது. பிறகு வயதான பயணிகள் விமானங்களைச் சோதிக்கும் ஆலோசகராகச் சில்லறை வேலைகள் செய்தார்.

1998 மே மாதம் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது. இந்தியாவின் இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு அங்கிருந்து கிடைத்த உதவி நின்றுபோனது. அந்த வருஷம் ஒரு கல்யாணத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, “ஏனுங் மாமா, நீங்க யார் பக்கம்?” என்று இளவட்டங்கள் கேட்டார்கள். “பந்தி முடியறதுக்குள்ள சாப்பிடப் போலாம்” என்று எழுந்துவிட்டார்.

சூலூர்ப் பட்டறையில்

அந்த இலகு ரகப் போர் விமானமான தேஜஸின் படையணி 2018இல் கோவை பக்கம் சூலூர் விமானப் படைத் தளத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் கோவை, சேலம் இரண்டும் கொங்கு நாட்டுக்குள். பம்புக்கும் மில்லுக்கும் உதிரி செய்த பட்டறைகள் விமான உதிரிக்கு முயன்றுகொண்டிருந்தன. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பங்காளி அப்படிப் பட்டறை வைத்திருந்தார். மாமா ஊருக்கு வந்தபோது அழைத்துக்கொண்டு போனேன்.

அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பாதுகாப்புத் தொழில்நுட்பத்தை அனுமதியில்லாமல் வெளிநாட்டவருக்கு வாயால் சொல்வதும் ஏற்றுமதிதான். கல்லூரியில் எல்லோருக்கும் கற்பிக்கும் அடிப்படைகளுக்கும் வெளியான தகவலுக்கும் தடையில்லை. தன் பங்காளியும் வெளிநாட்டவர் என்ற கணக்கில் அவர் கவனமாக இருந்தார். பட்டறைக்காரர் எடுத்துவைத்த ஓர் உதிரி வரைபடத்தைப் பார்க்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கழிவுப் பெட்டியில் கிடந்த ஓர் அலுமினியத் தாங்கியை எடுத்தார். உள்மூலை செங்குத்தாக, கத்தி போல வெட்டப்பட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தை அந்த மூலையில் வைத்து மெதுவாக இழுத்தார். நகம் சிக்கியது. “இங்கதான் தொடங்கும்” என்றார். சாக்பீஸால் தரையில் 1954இல் கடலில் விழுந்த காமெட் என்ற பிரிட்டிஷ் பயணிகள் விமானங்களின் உடம்பை வரைந்து, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் முழு விமானத்தையும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திப் பார்த்ததைச் சொன்னார். அழுத்தம் மூலைகளில் எப்படிக் குவிகிறது என்று கோடு போட்டார். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சிவப்பு மையைத் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும் சோதனையையும் ஒரு பையனைவிட்டுச் செய்யச் சொன்னார். கோடு வரவில்லை. “வரலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. நீ தேடினப்ப கெடைக்கலைன்னு எழுது. தேதி போடு, கையெழுத்துப் போடு” என்றார்.

வழித்தடம் பற்றிய மேடைப் பேச்சுகளில் இயந்திரங்களின் விலையும் முதலீட்டுக் கோடியும்தான் அடிபடுகின்றன. நான் பார்த்தவரையில், அந்தக் கையெழுத்துப் போடும் பழக்கத்துக்குத்தான் நம் பட்டறைகள் சிரமப்படுகின்றன. மாமாவிடம் இருந்ததில் கோவைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு மதியம்தான். மிச்சமெல்லாம் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

அச்சில் போனது

மலரில் அவரை ‘விமான இறக்கைகளில் விரிசல் வளர்ச்சியைக் கணக்கிட்ட பொறியாளர்’ என்று போட்டோம். எந்த விமானம் என்று போடவில்லை. 1970களின் நடுவிலிருந்து 1993 வரை அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாத பக்கங்களில், அந்த வேலை என்ன, எந்த விபத்து, எந்த விதி என்று பொதுவில் உள்ளதை எழுதினோம். சின்ன மாமாவின் வக்கீல் நோட்டீஸ் சந்தேகத்தையும் அவர் சம்மதத்தோடு சேர்த்தோம். ஏரோகிராம்களில் பணம், நோய், வரன் பற்றியவற்றை விட்டுவிட்டோம்.

இதே வேலையில் இறங்க நினைக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்லலாம். ஆள் இருக்கும்போதே கேளுங்கள். எந்த விமானம், எந்தத் திட்டம் என்று கேட்டால் வாய் மூடிவிடும். காலையில் மேசையில் உட்கார்ந்ததும் முதலில் எதை எடுப்பீர்கள், கணக்குத் தப்பினால் யாருக்குத் தெரியும், எந்த விபத்துச் செய்தி தூக்கத்தைக் கெடுத்தது என்று கேட்டால் பேசுவார்கள்.

1991இல் கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் மகள் அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். நினைவு மலரில் இது எதற்கு, எடுத்துவிடலாம் என்றார்கள் சொந்தத்தில் இரண்டு பெரியவர்கள். எழுதியது அவர் மகளேதான் என்றதும் ஒருவர் விட்டுவிட்டார். இன்னொருவர் தன் பிரதியை வாங்கிக்கொள்ளவில்லை.